சாப்பிட்டு வந்தால் காலி

“புரியலைன்னா கேட்டிருக்கலாமே, ஏன் கேக்கலை?”

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் கேட்ட கேள்வி இது. டீச்சர் கேட்டது கன்னடத்தில். கேரல் அதைத் தமிழாக்கித்தான் மனசுக்குள் வைத்திருந்தாள்.

வகுப்பில் இருந்த நாற்பத்தெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கேரல் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அன்று சாயங்காலம் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நாலாம் நாள் கேரல் பள்ளிக்கூடத்தை விட்டாள். அம்மா விக்டோரியா கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், பாஸ்டரை வரவழைத்துப் பேச வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

ஐந்து வருடம் ஓடிவிட்டது. கேரலுக்கு இப்போது பத்தொன்பது வயது. மைசூரில், கன்னடம் கலந்த தமிழ் புழங்கும் அந்த விஜயநகர் வீட்டில் சமையல் அவள் கையில். வெளியாட்களில் அவள் குரலைக் கேட்டவர்கள் பால்காரரும் காய்கறி வண்டிக்காரரும்தான். அவர்களிடமும் அரை லிட்டர், கால் கிலோ என்பதைத் தாண்டிப் பேச்சு போனதில்லை.

அந்த வீட்டில் போன திங்கட்கிழமை ஒரு பெரிய காரியம் நடந்தது.

கேரலின் அண்ணன் மெர்வின், நல்ல சம்பளம் வந்த கம்ப்யூட்டர் வேலையை எட்டு மாதத்துக்கு முன் விட்டுவிட்டு, முன்னறையில் உட்கார்ந்து ‘சில்லு’ என்று ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். ப்ரோக்ராம் எழுதத் தெரியாதவர்களும் வீட்டில் உட்கார்ந்து பொழுதுபோக்காகச் சின்னச் சின்ன கேம் செய்து பார்ப்பதற்கான மென்பொருள். ஒரு மரத்தை இழுத்து வைக்கலாம். மரத்தைத் தொட்டால் மாங்காய் விழ வேண்டுமா, குரங்கு விழ வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். அவ்வளவுதான் வேலை. செய்வதை அதுவே நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்துக்கொள்ளும். சேமிப்பதற்கென்று தனியாக ஒரு பொத்தானே வைக்கவில்லை என்பதில் மெர்வினுக்கு ஏகப்பட்ட பெருமை.

முதலில் பன்னிரண்டு நண்பர்களுக்கு மட்டும் கொடுத்தான். பன்னிரண்டு பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: சூப்பர். அந்தத் தைரியத்தில்தான் திங்கட்கிழமை பொதுவில் திறந்துவிட்டான். இன்னும் முடியாத பொருள்தான், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்திப் பாருங்கள், குறை இருந்தால் சொல்லுங்கள் என்று.

சொன்னார்கள்.

இன்று சனிக்கிழமை. காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்த மெர்வின் இட்லியைத் தொடவில்லை. உதவி எண்ணுக்கென்று ஒதுக்கியிருந்த பழைய போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தான்.

“‘வேஸ்ட்.’ அவ்வளவுதான். ஒரு புள்ளிகூட வெக்கல.”

“வேஸ்ட்டுக்கு எதுக்கு புள்ளி?” என்றார் அப்பா வால்டர். கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். சனிக்கிழமையும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“இது பாருங்க டாடி. ‘ப்ரோ, இதுல கிரிக்கெட் கேம் எங்க இருக்கு?’ இது கேம் இல்ல குரு, கேம் பண்றது. எத்தன தடவ சொல்றது? ‘லோகோ நல்லா இருக்கு.’ லோகோ நான் போடவே இல்ல. அப்புறம் இது… ‘சாப்பிட்டு வந்தால் காலி.’ என்ன காலி? சோறா?”

சிரித்ததில் வால்டருக்குக் காபி புரையேறிவிட்டது.

“முந்நூத்து நாப்பது பேர் எடுத்திருக்காங்க. அறுபத்தோரு பேர் எழுதியிருக்காங்க. ஒண்ணாவது உருப்படியா இருக்கா? பன்னெண்டு பேரோடயே நிறுத்தியிருக்கணும். ஆய்த்து. போதும். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு பொதுவுலேர்ந்து எடுத்துடறேன்.”

“ஆறுன்னா ஆறு. ஆறரைக்கு ஜெபம். அதுக்கப்புறம் உங்கம்மா பிளக்கப் பிடுங்கினா என்கிட்ட வராதே.”

அந்த வீட்டின் சட்டம் அது. ஆறரை மணிக்குக் குடும்ப ஜெபம். அதற்குள் போன்கள் எல்லாம் ஓர் எவர்சில்வர் சம்படத்துக்குள் போய்விட வேண்டும்; கம்ப்யூட்டர் அணைந்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், எல்லோரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் முன்னறையிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மெர்வின் திறந்து வைத்துவிட்டு வந்த ஏதோ ஒரு கேம். அன்றிலிருந்து விக்டோரியா தன் கையாலேயே சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஜெபத்துக்கு உட்காருகிறாள்.

“மம்மி நைட் டூட்டி பாத்த காலத்துல எத்தன ஜெபம் விட்டிருக்காங்க? அத யாராவது கேட்டீங்களா?”

“நான் கேட்டேன்பா. ‘பெட்ல ஆள் இருக்கறப்ப நர்ஸ் எழுந்து போகமாட்டா’ன்னா. பதில் இருந்தா நீ சொல்லு.” வால்டர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கேரலுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆறு மணிக்கு எடுத்துவிடுவான். அப்பாடா.

அவள் சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. சில்லுவை முதன்முதலில் பயன்படுத்திப் பார்த்தவள் அவள்தான். எட்டு மாதமாக, மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் முன்னறைக் கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்காருவாள்; மெர்வின் மடிக்கணினிக்கு மாறிவிடுவான். ஒரு குளம் கட்டுவாள், குளத்தில் வாத்து விடுவாள், வாத்து குளத்தைவிட்டு வெளியே வந்து வானத்தில் நடப்பதைப் பார்ப்பாள். ஒரு துண்டுக் காகிதத்தில் ‘வாத்து வானத்தில் நடக்கிறது’ என்று எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போவாள். அடுத்த நாள் வாத்து தண்ணீரில் இருக்கும். மெர்வின் நன்றி சொன்னதில்லை. அவள் கேட்டதும் இல்லை. இந்த வீட்டில் சோறு வடிப்பதைத் தவிர அவளால் ஒரு காரியம் நடக்கிறது என்றால், அது அந்தத் துண்டுக் காகிதத்தால்தான்.

முந்நூற்று நாற்பது பேர் பார்த்துச் சொல்ல வந்துவிட்டால் துண்டுக் காகிதம் எதற்கு?

திங்கட்கிழமையிலிருந்து அவள் ஒன்றும் ஒட்டவில்லை. மெர்வின் அதைக் கவனிக்கவும் இல்லை.

* * *

பதினொரு மணிக்கு மெர்வின் மெக்கானிக் கடைக்குக் கிளம்பினான். ஸ்கூட்டரை விட்டு நான்கு நாளாகிறது. உதவி எண் போனைச் சாப்பாட்டு மேஜையிலேயே போட்டுவிட்டுப் போனான்.

கேரல் தேங்காய் தூவிப் பீன்ஸ் பல்யா செய்தாள், ரசம் வைத்தாள். தனியாகச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவிவிட்டு வந்தவள், ஏனோ அந்தப் போனை எடுத்துப் பார்த்தாள்.

‘சாப்பிட்டு வந்தால் காலி.’

அது ஒரு மெசேஜ் இல்லை. ஒரே எண்ணிலிருந்து மூன்று வந்திருந்தன. புதன்கிழமை மத்தியானம் ஒன்று ஐம்பதுக்கு முதலாவது. வியாழக்கிழமை ஒன்று நாற்பத்தெட்டுக்கு, ‘இன்றைக்கும் சாப்பிட்டு வந்தால் காலி.’ நேற்று ஒன்று ஐம்பத்தைந்துக்கு, ‘மறுபடியும்.’

மற்ற அறுபது பேர் எழுதியதில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. நேரம். மூன்று நாளும் ஏறக்குறைய ஒரே நேரம்.

பேசாமல் போனை மேஜையில் வைத்துவிடலாம். ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். திங்கட்கிழமை மத்தியானம் நாற்காலி மறுபடி அவளுடையது.

வைத்தாள். ஈரத் துணியால் மேஜையைத் துடைத்தாள். போன் இருந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றித் துடைத்தாள்.

யாரோ ஒருத்தர் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். புரியவில்லை என்று வாயைத் திறந்து கேட்டிருக்கிறார், அதுவும் மூன்று தடவை. தன்னால் ஒரு தடவை முடியாத காரியம் அது. யாரும் பதில் சொல்லவில்லை.

கேரல் கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து எழுதினாள்: ‘காலையில் எத்தனை மணிக்குத் திறந்தீர்கள்?’

அனுப்பிய அடுத்த நொடி போன் கையிலேயே அலறியது. பதில் எழுதுவார்கள் என்று நினைத்தாளே தவிர, கூப்பிடுவார்கள் என்று நினைக்கவில்லை. துண்டிப்பதற்குப் பச்சையா சிவப்பா என்று குழம்பிப் பச்சையைத் தொட்டுவிட்டாள்.

“ஏனுங்க, சில்லுக் கம்பெனிங்களா?” ஒரு பெண் குரல். பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

கேரல் வாயைத் திறந்தாள்.

“அல்லோ. கேக்குதுங்களா?”

“உம்.”

“அப்பாடி. மூணு நாளா ஆளே இல்லாத ஊட்டுக் கதவத் தட்டற மாதிரி இருந்துச்சுங்க. நான் மோகனப்ரியாங்க, கௌதள்ளிங்கற காட்டோர ஊருலிருந்து. இங்க ஜெராக்ஸ் கடையில வேலைங்க. நீங்க கம்பெனிங்களா?”

“இல்ல. தங்கச்சி.”

“கம்பெனியோட தங்கச்சிங்களா?”

கேரலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த வழியாகவே குரலும் வந்தது. “ஆமா. என்ன ஆச்சு, சொல்லுங்க.”

“நான் ஒரு யானை கேம் பண்றனுங்க. ராகிக் காடு இருக்குதுங்க, ராத்திரி யானை வருது, நாம தகரத்தத் தட்டித் தொரத்தோணும். எங்கூருல நெசமாவே நடக்கறதுதான். காலைல ஒம்பதுக்குக் கடையத் தொறந்ததும் உங்க சில்லுவத் தொறந்துருவனுங்க. கஸ்டமரு வந்தா ஜெராக்ஸு, போனா யானை. இப்படியே ஒரு மணி வரைக்கும். சாப்பிடப் போயிட்டு ஒண்ணே முக்காலுக்கு வந்து பாத்தா யானையுமில்ல, ராகியுமில்ல. வெறும் வெள்ளைங்க.”

“மூணு நாளும்?”

“மூணு நாளும். நேத்து சாப்பாட்டுக்கே போகக்கூடாதுன்னுதாங்க இருந்தன். பசி தாங்கல. எங்க கடக்காரரு லிங்கப்பண்ணன்தான் நான் இல்லாதப்ப அழிச்சுப்போடறாருன்னு நெனச்சு, அவருகிட்டப் பேசறதயே விட்டுட்டனுங்க. அவரு பாவம், என்னத்துக்கு மொகத்தத் தூக்கி வெச்சிருக்கறேன்னு தெரியாம தெனமும் டீ வாங்கித் தர்றாரு.”

கேரல் கையில் பேனா எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. பால் கணக்குக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினாள். 9.00 திறப்பு. 1.00 சரியாக இருந்தது. 1.45 காலி.

“ஒரு மணிக்கு இருந்துச்சா? நிச்சயமா பாத்தீங்களா?”

“பாத்தனுங்க. கடேசியா ஒரு குட்டியானை வெச்சுட்டுத்தான் போனன்.” குரல் கொஞ்சம் இறங்கியது. “இன்னைக்குத் தொறக்கவே இல்லீங்க. நாலாவது தடவையும் போச்சுன்னா மனசு உட்டுப்போயிரும். நாளைக்கு மைசூருல எங்க சித்தி ஊட்டுக்கு வர்றன். நீங்களும் மைசூருன்னு போட்டிருக்குதுங்க, சாயந்தரம் உங்க ஊட்டுக்கு வந்து நேருலயே காட்டட்டுங்களா?”

கேரல் எழுதிக்கொண்டே “உம்” என்றாள்.

“அப்பச் சேரிங்க. அட்ரஸ் அனுப்புங்க.”

போன் வைக்கப்பட்ட பிறகுதான், எதற்கு உம் கொட்டினோம் என்பது அவளுக்கு உறைத்தது.

* * *

பீரோவுக்கு மேலே ஓர் அட்டைப்பெட்டி. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வைக்கிற பெட்டி. டிசம்பரில் மட்டும்தான் யாராவது தொடுவார்கள் என்பதால் மற்ற மாதங்களில் கேரலின் நோட்டுகள் அதற்குள் இருக்கும். டிசம்பரில் மட்டும் அரிசி டின்னுக்குப் பின்னால் குடியேறியிருந்தன.

துண்டுக் காகிதத்தில் போனது ஒரு வரிதான். நோட்டில் எல்லாம் இருந்தது. எத்தனை மணிக்குத் திறந்தாள், என்ன பார்த்தாள், அதற்கு முன் என்ன செய்தாள், எத்தனை மணிக்கு மூடினாள். பதினான்கு நோட்டு. அவள் அப்படி எழுதுகிறாள் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். தரையில் பரப்பிவைத்துப் புரட்ட ஆரம்பித்தாள். என்றைக்காவது தனக்கும் இப்படிக் காலியாகியிருக்கிறதா என்று தேடினாள். ஒருநாளும் இல்லை. ஒருநாளும் ஏன் இல்லை?

மூடிய நேரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். 6.20. 6.15. 6.25. 6.20. பதினான்கு நோட்டிலும், எல்லா நாளும், ஆறரைக்கு முன்னால்.

திறந்த நேரம் 2.45. 2.40. 3.00.

“என்ன கணே இது, பழைய பேப்பர்க்காரன் வந்திருக்கானா?”

மெர்வின். ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றியபடி வாசலில் நின்றான். குனிந்து ஒரு நோட்டை எடுத்தான். படித்தான். அடுத்த பக்கம் திருப்பினான். சாவி சுற்றுவது நின்றது.

“இதெல்லாம் நீ எழுதினதா?”

கேரல் தலையாட்டினாள்.

“‘மார்ச் நாலு. கதவு திறக்கும்போது கோழி மறைகிறது. மூன்று தடவை செய்து பார்த்தேன். இரண்டு தடவை மறைந்தது.’ … இது எனக்குத் தெரியவே தெரியாதே. ‘மெர்வின் இன்றும் குளிக்கவில்லை.’ இதுவும் பக்-ஆ?”

“அதுவும் ஒரு தப்புதான.”

மெர்வின் தரையில் உட்கார்ந்தான். கேரல் காலண்டர் தாளை நீட்டினாள். கௌதள்ளி யானையைப் பற்றி முக்கால்வாசி வார்த்தைகளிலும் கால்வாசி கையாலும் சொல்லி முடித்தாள்.

“வாய்ப்பே இல்ல. எட்டு மாசமா ஓடுது. எனக்கு ஒருநாளும் ஆகல, உனக்கும் ஆகல.”

“நாலு மணி நேரத்துக்கு மேல எப்பண்ணா திறந்து வெச்சிருக்கோம்? ரெண்டே முக்காலுக்கு உக்காருவேன். ஆறரைக்கு மம்மி அணைச்சிடுவாங்க.”

“நீ சரி. நான் நாள் பூரா அதுலதான…” மெர்வின் பாதியில் நிறுத்தினான். அவன் நாள் பூரா அதில்தான் இருக்கிறான். ஆனால் ஒரு வரியை மாற்றுவான், மூடித் திறந்து பார்ப்பான். இன்னொரு வரியை மாற்றுவான், மூடித் திறந்து பார்ப்பான். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் அது திறந்திருந்ததில்லை.

உடனே சீனுவுக்குப் போன் போட்டான். பன்னிரண்டு நண்பர்களில் முதல் ஆள்.

“மச்சா, சில்லுவ எவ்ளோ நேரம் திறந்து வெச்சுப் பாத்த?”

“சும்னே திறந்து பாத்தேன்டா. ஒரு கால் மணி நேரம் இருக்கும்.”

“அப்புறம் எதுக்குடா சூப்பர்னு சொன்ன?”

“நீ ஃப்ரெண்டு இல்லையா?”

மெர்வின் போனை வைத்தான். பிறகு எழுந்து முன்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டான்.

“நீ உக்காரு. ராகி வெக்கணும், யானை வெக்கணும், அந்தப் பொண்ணு பண்ற மாதிரியே விட்டு விட்டுப் பண்ணணும். எந்த நிமிஷத்துல போகுதுன்னு கண்ணால பாக்கணும். அது தெரிஞ்சா எங்க தப்புன்னு பிடிச்சிடலாம்.”

மணி இரண்டு நாற்பது.

கேரல் பதினைந்தாவது நோட்டைப் பிரித்தாள்.

* * *

மூன்றரைக்கு விக்டோரியா டூட்டி முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் மகளும் பக்கத்தில் ஸ்டூலில் மகனும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். “ரெண்டு பேரும் சண்டை போடாம ஒரே ரூம்ல இருக்கீங்களே, யாருக்கு ஜுரம்?” என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனாள். ஐந்து மணிக்கு வால்டர் வந்து எல்லோருக்கும் காபி கலந்தார்.

ராகிக் காடு விளைந்துகொண்டிருந்தது. கேரல் அரை மணிக்கு ஒருமுறை எழுதினாள். 4.10, மாற்றம் இல்லை. 4.40, மாற்றம் இல்லை.

ஐந்து ஐம்பத்தைந்துக்கு மெர்வின் தன் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டான். பொதுச் சோதனையின் பக்கம் அதில் திறந்திருந்தது. ஓர் அழுத்து அழுத்தினால் மறைந்துவிடும்.

“அறுபத்தொண்ணுல ஒண்ணு,” என்றான். “ஒண்ணே ஒண்ணு. அதுக்கு அறுபது பேர்கிட்ட வேஸ்ட்டுன்னு வாங்கணுமா சொல்லு.”

காலையில் கேட்டிருந்தால் வேண்டாம் என்று தலையாட்டியிருப்பாள். இப்போது அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “அந்த ஒண்ணு எதுன்னு முன்னாடியே தெரியாதே.”

“எல்லாரையும் நிறுத்திட்டு நீ மட்டும் பாரேன். பதினாலு நோட்டு எழுதிருக்க. உன்னவிட யாரு பாத்துடப் போறா?”

எட்டு மாதமாக அவள் காத்திருந்த வார்த்தை அது. கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

“நான் ஆறரைக்கு மூடிடுவேன்ண்ணா. நீ பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மூடுவ. நம்ம வீட்டுல இருக்கற யாரா இருந்தாலும் இது தெரிஞ்சிருக்காது. கௌதள்ளில ஜெராக்ஸ் கடைல வேலை பாக்கணும், மத்தியானம் பசிக்கணும்.”

மெர்வின் சிரித்தான். ஆறு மணி தாண்டியது. அவன் அழுத்தவில்லை. பக்கத்தின் தலைப்பில் ஓர் அறிவிப்பு எழுத ஆரம்பித்தான். ‘ஒரு தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று தொடங்கியதைக் கேரல் எட்டிப் பார்த்து அழிக்கச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவன் அடித்தான்.

‘சில்லுவை நான்கு மணி நேரம் தொடர்ந்து திறந்து வைத்தால் நீங்கள் செய்தது அழிந்துபோகலாம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மூடித் திறவுங்கள். ஏன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதைக் கண்டுபிடித்தவர் கௌதள்ளி மோகனப்ரியா. உங்களுக்கும் ஏதாவது புரியாவிட்டால் கேளுங்கள். எத்தனை மணிக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள். பதில் வரும்.’

“‘பதில் வரும்’னு போடறியே, யார் சொல்லுவா?” என்றான் மெர்வின்.

கேரல் 6.10, மாற்றம் இல்லை என்று எழுதினாள்.

கணக்கு எளிது. மோகனப்ரியாவுக்கு நடந்தது நான்கு மணி நேரத்துக்கும் நாலே முக்கால் மணி நேரத்துக்கும் நடுவில். இங்கே அது ஆறு நாற்பதிலிருந்து ஏழு இருபத்தைந்துக்குள். சரியாக ஜெப நேரம். இப்போது அணைத்தால் மறுபடி முதலிலிருந்து.

இரண்டு பேருக்கும் அது தெரியும். 

* * *

ஆறு இருபத்தைந்துக்கு விக்டோரியா வந்தாள். முகம் கழுவித் தலை வாரியிருந்தாள். ஒரு கையில் பைபிள், இன்னொரு கையில் எவர்சில்வர் சம்படம். வால்டரின் போன் ஏற்கெனவே உள்ளே கிடந்தது. மெர்வின் தன்னுடையதைப் போட்டான். கேரல் உதவி எண்ணுக்கான பழைய போனைப் போட்டாள்.

விக்டோரியா குனிந்து மேஜைக்கு அடியிலிருந்த சுவிட்சில் கை வைத்தாள்.

“மம்மி, ஸ்வல்ப இருங்க. இது வேற. நான் எக்ஸ்ப்ளெயின் பண்றேன்.”

“ஏழே காலுக்குப் பண்ணு. இப்ப எழுந்திரு.”

“முந்நூத்து நாப்பது பேரோட வேலை மம்மி…”

“அவங்களுக்கும் சேத்து ஜெபம் பண்ணலாம்.”

மெர்வின் தலையைச் சொறிந்தான்.

“மம்மி.”

விக்டோரியா நிமிர்ந்தாள். கூப்பிட்டது மகன் இல்லை.

கேரலின் காது மடல் சிவந்திருந்தது. ஆனாலும் பேச்சு வந்துவிட்டது. “இதுக்கு ஆறு நாப்பதுக்கு மேல என்னமோ ஆகுது. என்னன்னு தெரியல. நான் பக்கத்துல இருந்து பாக்கணும். இன்னிக்கு மட்டும் இருக்கட்டுமா?”

ஐந்து வருடத்தில் இந்தப் பெண் ஒரு பண்டிகைத் துணிகூட வாயைத் திறந்து கேட்டதில்லை.

சொல்லிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நோட்டை அம்மா பக்கம் திருப்பி வைத்தாள்.

விக்டோரியா நெற்றிமேல் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கினாள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த மூன்று பத்திகள். இடதுபக்கம் நேரம். நடுவில் பார்த்தது. வலதுபக்கம் செய்தது. அந்த மூன்று பத்தியை விக்டோரியா இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் நின்று நிரப்பி வருகிறாள். சின்ன வயதில் கேரல் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து சரிபார்க்கிற தாள்களை எட்டி எட்டிப் பார்ப்பாள். அப்படிப் பார்த்தாள் என்பதே விக்டோரியாவுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். 2.40. 3.10. 3.40. ஒரு வரியும் விடுபடவில்லை. 6.10, மாற்றம் இல்லை. அதற்குக் கீழே 6.40 என்று நேரம் மட்டும் எழுதி, பக்கத்தில் இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

அந்தக் காலி இடத்தில் விரல் நின்றது.

விக்டோரியா சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். சம்படத்தைத் திறந்து, பழைய போனை மட்டும் வெளியே எடுத்துக் கேரலின் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மெர்வினைப் பார்த்துக் கண்ணால் கூடத்தைக் காட்டினாள். அவன் எழுந்து நடந்தான்.

அறைக்கதவு வரை போனவள் திரும்பிவந்து, மகள் உட்கார்ந்திருந்த நாற்காலியை மேஜையோரம் ஒரு சாண் நகர்த்திவிட்டாள், எழுத வசதியாக. பிறகு வெளியே போனாள். கதவை முழுக்கச் சாத்தவில்லை. ஜெபப் பாட்டு கேட்கிற அளவுக்கு விட்டிருந்தாள்.